தோள்தானே!

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான அறிவியல் பாடமாகத்தான் பிறந்தது.

பாடநூல் எழுதிப் பிழைப்பவள் நான். பதிப்பகத்தில் எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார். எதை எழுதிக் கொடுத்தாலும் "இதை ஒரு அட்டவணையா போட்டுடலாமே" என்பார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அட்டவணை சார். அவர் எனக்குக் கொடுத்த வேலை: மனித உடலின் பந்துக்கிண்ண மூட்டுகளை ஒப்பிடுக. தோள் ஒன்று, இடுப்பு ஒன்று. ஒரு பக்கம், ஒரு படம், கடைசியில் ஒரு கேள்வி.

நான் இப்படித் தொடங்கினேன்:

"ஓர் எலும்பின் உருண்டைத் தலை இன்னோர் எலும்பின் குழிக்குள் உட்கார்ந்து எல்லாத் திசையிலும் திரும்பினால் அது பந்துக்கிண்ண மூட்டு. இடுப்பில் கிண்ணம் ஆழமானது. ஆகவே அது உறுதியானது. தோளில் கிண்ணம் ஆழமற்றது. ஆகவே அது உறுதியற்ற—"

இங்கே தொலைபேசி அடித்தது. என் அக்காவின் தோள் கழன்றுவிட்டதாம்.

(நம்பமாட்டீர்கள், தெரியும். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் நானே பேனாவை எடுத்து அடித்திருப்பேன். ஆனால் நடந்தது அதுதான். உங்கள் எரிச்சலை இந்தத் தற்செயலின்மேல் கொட்டிவிடாதீர்கள். கொட்டவேண்டிய இடம் பின்னால் வருகிறது.)

2

கதைக்குத் தொடக்கம் தேடிய கதையையும் சொல்ல வேண்டும்.

முதல் முயற்சி: "அவள் தண்ணீரின் மகள்—" வேண்டாம். அவள் எங்கள் அம்மாவின் மகள்.

இரண்டாம் முயற்சி: "பெண்ணின் தோள்களில்தான் எத்தனை சுமை—" இதை எழுதிவிட்டு எனக்கே கூச்சமாகிப் போய்விட்டது.

நேராகவே சொல்கிறேன். அக்கா பொது நீச்சல் குளம் ஒன்றில் பெண்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறாள். அவளிடம் வருபவர்கள் பதக்கம் வாங்கப் போகிறவர்கள் இல்லை. நடைப்பயிற்சிக்குப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு வருகிறவர்கள், குளத்தின் கம்பியைப் பிடித்த பிடியை வாரக்கணக்கில் விடாதவர்கள். அவர்களில் ஒருவர் வங்கிக் காசாளர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே இருப்பது ஆளா தூணா என்று தெரியாது அவருக்கு. அவரையும் அக்கா மிதக்க வைத்துவிட்டாள். "தண்ணியை அடிக்காதீங்கம்மா, அது உங்களை என்ன பண்ணுச்சு? தள்ளிவிடுங்க, போதும்" என்று சொல்லிக்கொண்டே தன் வலது கையைக் காதோரம் உயர்த்தி முழு வட்டமாகச் சுழற்றிக் காட்டுவாள். அந்தச் சுழற்சிதான் அவள் வேலை. அதற்குத்தான் சம்பளம்.

அத்தான், அதாவது அவள் கணவர், லிஃப்ட் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். ஊரில் இருப்பவர்களை எல்லாம் மேலே தூக்கிவிடுகிற வேலை. வீட்டில் ஒரு துரும்பைத் தூக்கிப் பார்த்ததில்லை. (இந்த நகைச்சுவை அக்காவுடையது. நான் கடன் வாங்கியிருக்கிறேன்.)

அத்தானின் அம்மாவை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலுக்கு வீட்டில் எந்தக் கதவும் தடை இல்லை. காய்கறிக் கடையில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துபோனது. தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோக உருண்டை ஒன்றை வைத்தார்கள். தாழ்வாக உட்காரக்கூடாது, குனியக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது. மீறினால் புது உருண்டை கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிடும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டவர் அத்தான். நிறைவேற்றவேண்டியவள் அக்கா.

3

அன்றைக்குத் தொலைபேசியில் அத்தான் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ஒண்ணும் பயப்படாதே. அம்மா பாத்ரூம்ல சறுக்கிட்டாங்க. நல்ல வேளை, இடுப்புக்கு ஒண்ணும் ஆகல. உங்க அக்காதான் பிடிச்சா. அதுல அவளுக்குத் தோள் கொஞ்சம் கழண்டுடுச்சு."

கொஞ்சம் கழன்றது என்று ஒன்று கிடையாது. உருண்டை கிண்ணத்தில் இருக்கும், இல்லையென்றால் இருக்காது. நான் அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் தோளின் உருண்டை வடிவமே போய் ஓரம் சதுரமாக இருந்தது. எலும்பின் தலை முன்பக்கம் வந்து தோலுக்கடியில் முட்டிக்கொண்டு நின்றது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் கையைப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்துத் திருப்பினார். 'டொக்' என்று உள்ளே போனது. அவள் கண்ணீர் வழிய என்னைப் பார்த்து—

(இந்த இடத்தைப் படித்துவிட்டு அக்கா சண்டைக்கு வந்தாள். "நான் எங்கடி அழுதேன்? வலி தாங்காம ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அதைப் போடு."*)

* போட முடியாது. பாடநூல் எழுதுகிறவள் நான்.

4

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் என்னால் நிதானமாக எழுத முடியவில்லை. மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் வாக்கியம் கத்துகிறது. கத்தட்டும், விட்டுவிடுகிறேன்.

உறவினர்கள் வந்தார்கள். எல்லோரும் இடுப்பைப் பார்க்க வந்தார்கள். ஆப்பிள் வந்தது, ஆரஞ்சு வந்தது, முதுகுக்கு வைக்க மெத்தென்ற தலையணை வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அக்கா தேநீர் கொடுத்தாள். வலது கை கழுத்தில் தொங்கும் துணித்தொட்டிலில் இருந்தது. இடது கையில் தட்டு. ஒவ்வொரு முறையும் கோப்பைகள் தட்டில் நகர்ந்தன. ஒருவரும் எழுந்து வாங்கவில்லை, அவள் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அத்தானின் தங்கை மட்டும் கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"என்ன அண்ணி, கையில கட்டு?"

"தோள் விலகிடுச்சு."

"அட, தோள்தானே! நான் என்னமோன்னு பயந்துட்டேன். கால் நல்லா இருக்கில்ல, நடக்க முடியுதில்ல, அது போதும். அம்மாவைப் பாருங்க, பாவம்."

உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். "வெளியாள் கை பட்டா அம்மாவுக்குப் பிடிக்காது" என்றாள் தங்கை. அம்மாவிடம் கேட்டாளா? இல்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள். அண்ணன் தலையை ஆட்டினார். முடிந்தது.

"உங்க அக்காவுக்கு ஏற்கெனவே லூஸ்தானே, சின்ன வயசுலயே ஒரு தடவை கழண்டிருக்காமே" என்று போகிறபோக்கில் என்னிடம் சொன்னார் அத்தான். கழன்றதுதான், கல்லூரி நாள்களில், போட்டி ஒன்றில். அதைச் சொல்லித்தான் கல்யாணமும் பண்ணிக் கொடுத்தோம். ஏற்கெனவே ஒரு முறை கழன்ற தோள் என்றால் அதிகம் பாதுகாக்கவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். ஏற்கெனவே கழன்றதுதானே, இன்னொரு முறை கழன்றால் என்ன என்றும் நினைக்கலாம் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

5

கொஞ்ச நேரம் கதையை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு மூட்டைப் புகழ்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆழமான கிண்ணம். உருண்டையில் பாதிக்கு மேல் உள்ளே புதைந்திருக்கும். உடம்பிலேயே பலமான தசைநார்கள் அதைச் சுற்றிக் கட்டியிருக்கின்றன. முழு உடம்பின் பாரத்தையும் தாங்குகிறது. சரி, மகிழ்ச்சி.

தோளைப் பாருங்கள். எலும்பின் தலை பெரியது. அது உட்காரும் இடமோ ஒரு சின்னத் தட்டு. கிண்ணம் என்று பெயருக்குச் சொல்கிறோம். அந்தத் தட்டிலிருந்து உருண்டை விழாமல் இருக்கிறது என்றால், சுற்றியிருக்கும் தசைகள் ஒரு நொடிகூட ஓயாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். கையை மேலே தூக்கு, தூக்குகிறது. பின்னால் கொண்டுபோய் முதுகைச் சொறி, சொறிகிறது. பரண்மேல் இருப்பதை எடு, பிள்ளையைத் தூக்கு, பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கு, தண்ணீரைத் தள்ளு. இடுப்பால் முடியாத வட்டமெல்லாம் தோள்தான் போடுகிறது. இத்தனையும் செய்து முடித்த பிறகு நாம் அதற்குக் கொடுக்கிற சான்றிதழ்: உறுதியற்றது.

இதைத்தான் பாடத்தில் எழுதினேன், கொஞ்சம் நாகரிகமாக. அட்டவணை சார் அடித்துவிட்டார்.

"உணர்ச்சி எதுக்கும்மா இதுல? இடது பக்கம் இடுப்பு, வலது பக்கம் தோள். கீழே ஒரு கேள்வி: இரண்டில் எது சிறந்த மூட்டு? காரணம் தருக."

"எதுக்கு சார் சிறந்தது?"

"பொதுவா."

"பொதுவான்னா? நிக்கறதுக்கா, நீந்தறதுக்கா?"

"விடையில 'இடுப்பு'ன்னு போட்டுடுங்க. பிள்ளைங்களுக்குக் குழப்பம் இருக்கக்கூடாது."

அந்தக் கேள்வியை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு யாரையோ வைத்து எழுதிக்கொண்டார்கள். இந்த வருடப் புத்தகத்தில் அது இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை அதற்கு 'இடுப்பு' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கலாம். வாழ்த்துகள்.

(உடனே தோள் என்றால் பெண், இடுப்பு என்றால் குடும்பம் என்று கிளம்பிவிடாதீர்கள். நான் தோள் என்று சொன்னால் தோளைத்தான் சொல்கிறேன். குறியீட்டுக்கு வலிப்பதில்லை.)

6

கட்டைப் பிரித்ததும் அக்கா குளத்துக்குத் திரும்பினாள். காலையில் அத்தையைக் கட்டிலிலிருந்து எழுப்பி, குளிப்பாட்டி, உயரமான நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் புறப்படுவாள். தோளுக்கு ஓய்வு கொடுங்கள் என்று மருத்துவர் சொன்னது அந்த வீட்டில் யார் காதிலும் விழவில்லை. அத்தையின் இடுப்பைப் பற்றி அவர் சொன்னது மட்டும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது.

ஒரு நாள் ஆழமான பகுதியில் கைவீச்சைக் காட்டிக்கொண்டிருந்தாள். கை காதோரம் உயர்ந்தது. பின்னால் போனது. திரும்பி வரவில்லை.

தண்ணீருக்குள் தோள் கழன்றால் என்ன ஆகும் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. வலியில் மூச்சு உள்ளே இழுக்கும். இழுக்கிற இடத்தில் காற்று இருக்காது. நீச்சல் தெரிந்தவள், நீச்சல் கற்றுக்கொடுப்பவள், ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு கீழே போனாள். கரையில் இருந்தவர்கள் அவள் ஏதோ புதிதாகச் செய்துகாட்டுகிறாள் என்று நினைத்தார்கள்.

காசாளர் அம்மா மட்டும் அப்படி நினைக்கவில்லை. "எனக்கு எதுவும் தெரியலம்மா, மங்கலாத்தான் தெரிஞ்சுது. ஆனா அவங்க குரல் நின்னுடுச்சு. அவங்க பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லை" என்று பிறகு என்னிடம் சொன்னார். கம்பியை விட்டுவிட்டு, ஆழத்துக்கு முதல்முறையாகத் தானே நீந்திப் போய், கையில் அகப்பட்ட நீச்சலுடையைப் பற்றி இழுத்திருக்கிறார். அதற்குள் மற்றவர்கள் நீண்ட கழியை நீட்டினார்கள்.

(கதை ஒழுங்காகப் போகவேண்டுமானால் காசாளர் அம்மாவைப் பற்றி நிறைய எழுதவேண்டும். எழுதினால் தப்பு. அவரே பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார். "என்னைப் பெரிசா எழுதிடாதீங்க, வீட்டுல நான் நடக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.)

7

ஸ்கேனைப் பார்த்த அறுவை மருத்துவர் தெளிவாகச் சொன்னார். கிண்ணத்தின் விளிம்பு கிழிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை கழலும்போதும் இன்னும் கிழியும். தைத்துச் சரிசெய்யலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. பிறகு மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும். பாரம் தூக்கக் கூடாது.

அறையில் மருத்துவர், அக்கா, அத்தான், நான். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"அம்மா கொஞ்சம் நல்லா நடக்க ஆரம்பிச்சதும் வெச்சுக்கலாமே டாக்டர்? இப்போ வீட்டுல ஆள் இல்ல."

மருத்துவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவைப் பார்த்தார். "தோள் உங்களோடது. நீங்க சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அக்காவிடம் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பண்ணிடுங்க."

அறுவை முடிந்து நேராக என் அறைக்கு வந்துவிட்டாள். ஒரே கட்டில்தான். அவள் கட்டிலில், நான் தரையில். மறுநாள் காலை அத்தானிடமிருந்து அழைப்பு வந்தது. அவளுக்கு இருந்த ஒரு கையிலும் காபி டம்ளர் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"எப்போ வர்றே?"

"தெரியலைங்க."

"அம்மாவை யார் தூக்கறது?"

அக்கா கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கும் ரெண்டு தோள் இருக்கே" என்றாள்.

8

இனி வில்லியைக் கொண்டுவரவேண்டிய இடம். நான் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அக்காவின் துணிமணிகளை எடுத்துவரப் போன அன்று, அத்தையை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எழுத்தாளருக்கு இது பெரிய வசதி. நேரில் கேட்க முடியாததைக் கதையில் கேட்டுக்கொள்ளலாம்.

அத்தை உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். சமையலறையில் வெளியாள் ஒருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியாள் கை பட்டால் அத்தைக்குப் பிடிக்காது என்றார்களே, அந்த வெளியாள்தான்.

"உட்காரு" என்றார் அத்தை. "கோபமா வந்திருக்கே. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியே ஒரு மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும்."

நான் உட்காரவில்லை.

"அன்னைக்குப் பாத்ரூம்ல நடந்ததை உன் அக்கா உன்கிட்ட சொன்னாளா?"

"நீங்க சறுக்கினீங்க, அவ பிடிச்சா."

"அவ்வளவுதான் சொன்னாளா?" என்றார் அத்தை. "அவ பிடிச்ச பிடியில நான் ஸ்டூல்ல உட்கார்ந்துட்டேன். அவதான் தரையில விழுந்தா. வாசப்படிக்குக் குறுக்கே, கையைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தா. நான் 'ஐயோ, என் இடுப்பு'ன்னு கத்தினேன். எம்மகன் ஓடி வந்தான். அவளைத் தாண்டி வந்தான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. "தாண்டின்னா?"

"தாண்டித்தான். இந்தக் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சு. வழியில மூட்டை கிடந்தா தாண்டுவோமில்ல, அப்படி. குனிஞ்சுகூடப் பார்க்கல. நான் பார்த்தேன். அவ கண்ணையும் பார்த்தேன்." பிறகு அதையும் சொன்னார். "பார்த்துட்டு நானும் 'என்னைத் தூக்குடா'ன்னுதான் சொன்னேன். அவளைத் தூக்குடான்னு சொல்லல."

ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு நினைவு வரவில்லை.

"எழுதப் போறியாமே?" என்றார் அத்தை. "எழுது. ஆனா கடைசியில என்னை நல்லவளா ஆக்கிடாதே. நான் கத்தினதையும் சேர்த்து எழுது."

எழுதிவிட்டேன், அத்தை. நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்ததை நடந்தபடி சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான்.

9

அத்தான் வந்தார். இதுவரை நான் அவரை நியாயமாக எழுதியிருக்கிறேனா என்று பலமுறை படித்துப் பார்த்தேன். அவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. அம்மாமேல் உயிராக இருப்பவர். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. கெட்டவனாக இருந்தால் ஒரு வரியில் முடித்துவிட்டுப் போயிருப்பேன்.

என் அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா சுவரோரம் நின்று உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். வலது கை விரல்களால் சுவரில் பூச்சி ஏறுவதுபோல மெல்ல மெல்ல மேலே ஏறவேண்டும், வலிக்கும்போது நிறுத்தவேண்டும். அவரைக் கண்டும் அவள் பயிற்சியை நிறுத்தவில்லை.

"ஏதாவது தப்பு நடந்திருந்தா மன்னிச்சுக்கோ" என்றார்.

நடந்திருந்தா! பாடநூல்காரிக்கு இந்த இலக்கணம் பொறுக்கவில்லை. நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம். நடந்திருந்தால் என்பதற்கு எப்படிக் கேட்பது? வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"அன்னைக்குப் பாத்ரூம்ல என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே.

"அம்மா சறுக்கினாங்க. சத்தம் கேட்டுச்சு. ஓடி வந்தேன். அம்மாவைத் தூக்கினேன்."

"வாசப்படியில?"

"வாசப்படியில என்ன?"

விரல்கள் ஓர் இடத்தில் நின்றன. "நான் எங்கே இருந்தேன்?"

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். பொய் சொல்ல முயலவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். உண்மையாகவே தேடினார். அந்த ஈரத்தரை முழுக்கத் தேடியும் அவள் கிடைக்கவில்லை.

"தெரியல" என்றார்.

"தெரிஞ்சதும் வாங்க" என்றாள் அக்கா.

10

முடிவு.

(அ) அவருக்கு நினைவு வந்தது. ஓடி வந்து கதவைத் தட்டி—

(ஆ) அக்காவே ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு—

(இ) அத்தை ஊன்றுகோலோடு படியேறி வந்து—

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே இருந்தன. அக்காவிடம் காட்டினேன். மூன்றையும் இடது கையாலேயே கோணல்மாணலாக அடித்தாள். "என் முடிவை எழுத நீ யாருடி? எனக்கே இன்னும் தெரியல" என்றாள்.

ஆகவே முடிவு இல்லை. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும்.

இந்தக் கதையின் கையெழுத்துப் பிரதியைப் படித்த எல்லோரும், தோழிகள், பக்கத்து அறைப் பெண், ஏன், அட்டவணை சார்கூட, படித்து முடித்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அப்புறம் சேர்ந்துட்டாங்களா?" சிலர் அதோடு, "அந்த அம்மா நடக்கறாங்களா?" என்றும் கேட்டார்கள். நடக்கிறார், நன்றாகவே.

நீங்களும் அதைத்தான் கேட்க வந்தீர்களா? அப்படியென்றால் இந்தக் கதையை நான் இன்னொரு முறை முதலிலிருந்து எழுதவேண்டும். எழுதுகிற தெம்பு எனக்கு இல்லை, கோபம் மட்டும்தான் இருக்கிறது.

என் அறைச் சுவரில், நாற்காலிக்குப் பின்னால், அக்காவின் விரல் தடங்கள் அழுக்காக ஏறிக்கொண்டு போகின்றன. இன்றைக்கு எந்த உயரத்தில் நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். கேட்பவர்களுக்கு மட்டும் சொல்வேன்.